துணிக்கடைப் பையில் ஒரு மருத்துவக் கோப்பு: குமரி மாவட்டத்தில் நலத்தகவல் பகிர்வும் அதற்குப் பணம் தரும் கைகளும்

குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் வசிக்கும் ஐம்பத்தெட்டு வயது மீன்பிடித் தொழிலாளியை இந்த ஆய்வு பின்தொடர்கிறது. அவர் தனியொரு மனிதர் அல்லர்; ஒரே மாதிரியான பாதையில் அலைந்த பலருடைய சீட்டுகளை வைத்து வரைந்த உருவம். ஆனால் அவர் பெயர் ஏறும் பதிவேடுகளும் அவற்றுக்குப் பணம் தரும் கணக்குகளும் உண்மையில் இயங்கிக்கொண்டிருப்பவை. ஒரு நோயாளியின் தகவல் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து இன்னோர் அரசு மருத்துவமனைக்கு ஏன் போவதில்லை என்று கேட்டால், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி கணக்குப் பிரிவில் கிடக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஒரு காலும் ஐந்து சர்க்கரை அளவுகளும்

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் இவர் வீட்டுக்கு வந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, இரண்டும் கூடியிருப்பதைத் தம் கைப்பேசிச் செயலியில் பதிந்தார். அன்று முதல் மாத்திரை வீட்டுக்கே வந்தது. சில காலம் கழித்து இருமல் விடாமல் இருந்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுத்தார். காசநோய் என்று தெரிந்தது. காசநோயாளிகள் அனைவருக்கும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்க்கவேண்டும் என்பது விதி. ஆகவே சர்க்கரை மீண்டும் பார்க்கப்பட்டு, காசநோயாளிகளுக்கான தேசியப் பதிவேடான நிக்ஷய் தளத்தில் ஏறியது. நோய் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று தொடக்கத்திலேயே தரம்பிரிக்க, 2022-இல் வந்த தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி அவருடைய உயரம், எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம் முதலியவை எடுக்கப்பட்டு வேறொரு செயலியில் பதியப்பட்டன.

காலில் ஆறாத புண் வந்தபோது குளச்சல் அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே புதிய ஓ.பி. சீட்டு, புதிய எண், மூன்றாம் முறை சர்க்கரை. அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, அறுவைக்கு முன் நான்காம் முறை பார்க்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முன் அனுமதி கேட்டபோது அத்தனை தாள்களும் ஸ்கேன் செய்யப்பட்டு காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றப்பட்டன. சிறுநீரகமும் பழுதாகியிருக்குமோ என்ற பயத்தில் மகள் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ஐந்தாம் முறை.

இந்த ஐந்து அளவுகளும் ஒரே இடத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தால், மாத்திரை எப்போது கேட்கவில்லை, புண் வருவதற்கு எத்தனை மாதங்களுக்கு முன்பே சர்க்கரை கட்டுமீறியது என்பதை எந்த மருத்துவரும் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். அப்படி ஒரு இடம் இல்லை. இருந்தது மகள் கையிலிருந்த துணிக்கடைப் பை. மாவட்டத்தில் பல்லாண்டுகளாகத் தடையின்றி ஓடும் தகவல் வலையமைப்பு அதுதான் என்று ஒரு மூத்த செவிலியர் என்னிடம் சொன்னதுண்டு. அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஒரு செய்தியை விட்டுவிடக் கூடாது: இவருக்கு 14 இலக்க ஆபா எண், அதாவது தேசிய அளவிலான மின்னணு நலக் கணக்கு எண், இருக்கிறது. ஏதோ ஒரு முகாமில் ஆதாரைக் காட்டி எடுத்தது. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் வளைகுடாவில் இருக்கும் மகனுடையது. கணக்கைத் திறக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) அங்கே போகும். இவர் இங்கே வரிசையில் நிற்பார்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பணப்பை

வீட்டு வாசலில் எடுத்த முதல் அளவுக்கு மாநில அரசும் தேசிய நலவாழ்வு இயக்கமும் பணம் தருகின்றன. நிக்ஷய் தளமும் காசநோய் ஊழியர்களும் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் வரும் செலவு. அதில் மத்திய அரசு 60, தமிழ்நாடு 40 என்ற பங்கு. எச்.ஐ.வி. சோதனைக்கான பணம் முழுவதும் மத்திய அரசின் தனித்திட்டத்திலிருந்து வருகிறது. மருத்துவமனையில் ஓ.பி. எண் போடும் கணினி முறையின் வேர், 2005-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு நலவாழ்வுத் திட்டத்தில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து 2019-இல் ஒப்புதல் பெற்ற 28.7 கோடி டாலர் கடன், பொருள் வாங்கியதற்காக அன்றி, ஒப்புக்கொண்ட விளைவுகள் எட்டப்பட்டபின் விடுவிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு மாநிலம் பிரீமியம் கட்டுகிறது. 2018-இல் பிரதமரின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின், தகுதியுள்ள குடும்பங்களுக்கு மத்தியப் பங்கும் வருகிறது. ஆபா எண்ணுக்குப் பின்னால் நிற்பது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட அதற்கு, 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இத்தனை பணப்பைகளில் ஒன்றுகூட வெறுமையாக இல்லை. ஒவ்வொன்றிலும் கணினி வாங்கவும், ஆள் வைக்கவும், பயிற்சி தரவும், அறிக்கை அனுப்பவும் ஏதோ ஒரு செலவுத் தலைப்பு இருக்கிறது. ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக ஆகும் செலவு எந்தத் தலைப்பிலும் இல்லை, அல்லது எல்லாத் தலைப்பிலும் அரைகுறையாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான்.

பணம் எங்கே காத்திருக்கிறதோ அங்கே பதிவு நிறையும்

எந்தப் பதிவு முழுமையாக இருக்கிறது, எது ஓட்டையாக இருக்கிறது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு 2008 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் கிடைக்கும் 12 இலக்க எண் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் கிடைக்காது, குழந்தையின் பிறப்புப் பதிவும் தடைபடும். ஆகவே கிராம சுகாதார செவிலியர் மறந்தாலும் கர்ப்பிணியின் மாமியார் மறக்கமாட்டார். காசநோய்க்கும் அதே கதை: சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போவதால், நிக்ஷய் எண்ணும் வங்கி விவரமும் எப்படியாவது ஏறிவிடுகின்றன. காப்பீட்டில் தாள் ஏற்றாவிட்டால் மருத்துவமனைக்குப் பணம் வராது. அங்கே ஒரு எக்ஸ்-ரே கூட விட்டுப்போவதில்லை.

இவை மூன்றிலும் தகவல் மேல்நோக்கிப் போகிறது, பணம் தருபவரை நோக்கி. பக்கவாட்டில், அதாவது குளச்சலிலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கோ காசநோய்ப் பிரிவிலிருந்து சர்க்கரை நோய்ப் பிரிவுக்கோ போவதற்குக் காரணமான பணம் ஏதும் இல்லாததால் அது போவதில்லை. நம் தொழிலாளியின் காலைக் காப்பாற்ற வேண்டியிருந்தது அந்தப் பக்கவாட்டுத் தகவல்.

ரவுட்டர் யாருடையது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் தரவுப் பணியில் இருந்தபோது நான் கண்டது சிறிய விஷயம்தான். ஒரு மருத்துவமனையின் ஓ.பி. வரிசையில் இருந்த கணினிக்கும் ஆய்வகக் கணினிக்கும் இணைப்பு கொடுக்க ஒரு ரவுட்டரும் கொஞ்சம் கேபிளும் தேவைப்பட்டன. ஆய்வகக் கணினி ஒரு திட்டத்தில் வந்தது, ஓ.பி. கணினி இன்னொன்றில். எந்தத் தலைப்பில் வாங்குவது என்ற கேள்வி இரண்டு பிரிவுகளுக்கு இடையே கோப்பாக நடந்தது. நிதியாண்டு முடிந்தபோது ரவுட்டரும் வரவில்லை, இரண்டு தலைப்பிலும் பணம் மீந்தும் இருந்தது. ஆய்வக முடிவுகளை ஓர் ஊழியர் தாளில் எடுத்துவந்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

இதில் யாரையும் குறைசொல்வது எளிது. ஆனால் கணக்குப் பிரிவில் இருந்தவரின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 2021 ஜூலை முதல், மத்திய நிதி பெறும் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு என்ற நடைமுறை வந்தது. பணம் வேறு வேறு கணக்குகளில் தேங்கிக் கிடப்பதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. அதன் மறுபக்கம், ஒரு திட்டத்தின் ரூபாயும் இன்னொரு திட்டத்தின் ரூபாயும் ஒரே பொருளில் சேர்வதற்கு வழி குறுகிவிட்டது. பணம் உரிய வேலைக்கே செலவானது என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். இரண்டு திட்டங்களுக்கும் உழைக்கும் ஒரு கருவியை எந்தச் சான்றிதழில் காட்டுவது? தணிக்கைக்கு வருபவர் கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அந்த எழுத்தர்தான்.

ஆட்களுக்கும் இதே நிலை. ஒப்பந்தத்தில் ஒரு திட்டத்துக்கு எடுக்கப்பட்ட டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், இன்னொரு திட்டத்தின் பதிவைத் தொடுவது தவறு என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அவருடைய மாத வேலையை அளப்பது அவருடைய திட்டத்தின் எண்ணிக்கை மட்டுமே. நிர்வாகப் பிரிவினையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழும், குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம் போன்ற அரசு மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழும் இருக்கின்றன. நோயாளி ஒரே பேருந்தில் மூன்று துறைகளைக் கடந்துவிடுகிறார்; கோப்பு கடக்கச் சென்னை வரை போய்த் திரும்பவேண்டும்.

நகரமும் அல்லாத கிராமமும் அல்லாத மாவட்டம்

குமரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 18,70,374 பேரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள். ஆனால் இந்த நகர்ப்புறத்தின் பெரும்பகுதி ஐம்பதுக்கு மேற்பட்ட பேரூராட்சிகள்தாம். தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் நடுவே வர, ஒன்றின் எல்லை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கம் 50,000 மக்களுக்கு மேல் உள்ள நகரங்களுக்கும் மாவட்டத் தலைநகர்களுக்கும் உரியது. நாகர்கோவில் அதில் வரும். பழைய நகராட்சிகளான குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை மூன்றும் அந்தக் கணக்கெடுப்பில் 25,000-ஐக்கூடத் தொடாதவை. ஆகவே கணக்கெடுப்பில் நகரவாசியான ஒருவர், நலவாழ்வு நிதியில் கிராமவாசி.

பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் ஐந்தாண்டுகளுக்கு உள்ளாட்சிகள் வழியே சுகாதாரத்துக்கு ஒதுக்கிய 70,051 கோடி ரூபாயும் ஊரகம், நகர்ப்புறம் என்று பிரித்தே வந்தது. சோதனை வசதி, வட்டாரப் பொது சுகாதார அலகு என அதன் பயன்களும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. மக்கள்தொகையின் பெரும்பங்கு பேரூராட்சியில் இருக்கும் மாவட்டத்தில் ஒரு கணினி எந்த உள்ளாட்சியின் சொத்து என்பதைத் தீர்மானிப்பதற்கே ஒரு கூட்டம் தேவைப்படும். பேச்சிப்பாறைக்கு மேலேயுள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் நிலைமை வேறு. அங்கே பணத்துக்கு முன்பு சிக்னல் வரவேண்டும்.

களியக்காவிளைக்கு அப்பால்

1956 நவம்பர் 1-ஆம் நாள் இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணைந்தது. நோயாளிகளின் கால்கள் களியக்காவிளையில் உள்ள அந்த மாநில எல்லையை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. புற்றுநோய் என்றால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், மூளைக்கும் இதயத்துக்கும் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் என்பது குமரியின் மேற்குப் பகுதி வீடுகளில் சாதாரணப் பேச்சு. கேரளத்துக்கு அதன் சொந்த இ-ஹெல்த் எண் இருக்கிறது. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் செயல்திட்டம் மாநிலவாரியாகத் தயாரிக்கப்படுவதால், எல்லை தாண்டும் தகவலுக்கு இரண்டு மாநிலங்களில் எதுவும் செலவு காட்டுவதில்லை. கொள்கை அளவில் டிஜிட்டல் மிஷன் தீர்க்கவேண்டிய முடிச்சு இதுவே: பொதுவான தரவு வடிவம், நோயாளியின் சம்மதத்தைக் கேட்டுத் தகவலைத் திறக்கும் ஏற்பாடு, இரண்டும் அதில் இருக்கின்றன. செயல்பட வேண்டுமானால் இருபுறத்திலும் மருத்துவமனை மென்பொருள் அதற்கு ஏற்பத் திருத்தப்படவேண்டும். திருத்தும் செலவு மருத்துவமனையின் தலையில் விழுகிறது.

அதற்காக 2023 ஜனவரியில் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அடிப்படை அளவைத் தாண்டி ஆபா எண்ணோடு இணைக்கப்படும் பதிவு ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனைக்கு 20 ரூபாய் என்ற கணக்கில், ஒரு நிறுவனம் அதிகபட்சம் நான்கு கோடி ரூபாய் வரை பெறலாம் என்று அது வகுத்தது. நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மருத்துவ ஊழியம், நாகர்கோவில் காத்ரின் பூத் மருத்துவமனை என்று மிஷன் மருத்துவமனைகள் வேரூன்றிய இந்த மாவட்டத்தில், அரசு சாராத நிறுவனங்களுக்கும் இத்தொகை கிடைக்கும் என்பது முக்கியமானது. இருந்தாலும் இத்திட்டம் இணைத்ததற்குப் பணம் தருகிறது, இணைத்ததை இன்னொருவர் திறந்து படித்தாரா என்று கேட்பதில்லை. ஓ.பி. வரிசையில் க்யூ.ஆர். ஸ்கேன் செய்து டோக்கன் வாங்கும் வசதியால் வரிசை குறைந்தது உண்மை. டோக்கன் என்பது பெயரும் வயதும்தான். காலின் கதை அதில் இல்லை.

இதே தவறை முன்பு செய்தவர்கள்

அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பொருளாதார மீட்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக மின்னணு மருத்துவப் பதிவுக்குப் பெரும் பொதுநிதி ஒதுக்கப்பட்டது. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊக்கத்தொகையாகப் போனது நாளடைவில் 3,500 கோடி டாலரைத் தாண்டியது. தகவல் பரிமாற்றத்துக்கென்று 56 மாநிலங்கள், ஆட்சிப்பகுதிகளுக்கு 2010-இல் பிரித்துத் தரப்பட்டது சுமார் 54.8 கோடி டாலர். இந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள தூரமே பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறது: 2015-இல் 96 விழுக்காடு மருத்துவமனைகளில் சான்றளிக்கப்பட்ட மின்னணுப் பதிவு இருந்தது, வெளியிலுள்ள தகவலைத் தேடி, அனுப்பி, பெற்று, தம் பதிவில் சேர்க்க முடிந்தவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது 2011 மே மாதம் அந்நாட்டு மருத்துவ உதவி நிர்வாகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தின் 90 விழுக்காட்டு மத்தியப் பங்கைத் தகவல் பரிமாற்றக் கட்டமைப்புக்குப் பயன்படுத்தலாம். ஆனால் மெடிக்கெய்ட் தனக்குரிய நியாயமான பங்கை மட்டுமே தரும், பயன்பெறும் மற்றவர்கள் தங்கள் பங்கைத் தரவேண்டும் என்றது அக்கடிதம். யார் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்தபின்பே பணம் வரும். அந்த 90 விழுக்காட்டு ஏற்பாடு 2021 செப்டம்பர் 30-இல் முடிந்தபோது, பங்குக் கணக்கை முன்பே எழுதி வைத்திருந்தவர்களுக்கு அடுத்த பணத்தைத் தேடுவதற்கு ஒரு அடிப்படை இருந்தது.

மாவட்ட அளவில் என்ன முடியும்

குமரியில் இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில் மாவட்ட சுகாதார அலுவலர், நலப்பணிகள் இணை இயக்குநர், மருத்துவக் கல்லூரி முதல்வர், காசநோய்த் துணை இயக்குநர் ஆகியோரை ஒரே மேசையில் உட்கார வைக்க முடியும். இப்போது தனித்தனித் தாள்களாக வரும் தேவைப் பட்டியல்களில், கணினி, இணையம், ஆபரேட்டர், பராமரிப்பு ஆகிய நான்கை மட்டும் பிரித்தெடுத்து ஒரே தாளில் எழுதினால் போதும்; பாதி இரட்டிப்பு அந்தத் தாளிலேயே கண்ணில் படும்.

பங்குப் பிரிப்பும் கடினமானது அன்று. ஒரு மருத்துவமனையில் நாளொன்றுக்கு 100 பதிவுகள் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் தொற்றாநோய் 40, தாய்சேய் நலம் 30, காப்பீடு 20, காசநோய் 10 என்றால், இணையக் கட்டணமும் பொது ஆபரேட்டரின் சம்பளமும் அதே விகிதத்தில் நான்கு கணக்குகளில் காட்டப்படலாம். ஒவ்வொரு பயன்பாட்டுச் சான்றிதழிலும் தன் பங்கு மட்டும் வரும். தணிக்கையாளருக்குக் காட்ட ஒரு தீர்மானமும் ஒரு பதிவெண்ணிக்கையும் இருக்கும். இதற்கு மாநில அளவில் ஓர் அரசாணை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாவட்டம் தானாகச் செய்யத் துணிந்தால் அந்த எழுத்தர்தான் மாட்டிக்கொள்வார்.

எல்லாத் தடுப்பும் பணத்தால் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை வலியுறுத்துகிறது. கடற்கரை ஊர்களில் காசநோய் என்ற சொல் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிடக்கூடியது. ஆகவே பகிரப்படவேண்டியது எது, மூடி வைக்கவேண்டியது எது என்று வரையறுக்கும் வேலைக்கும் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் சம்பளம் வேண்டும். அதுவும் மேற்சொன்ன ஒரே தாளில் ஏறவேண்டிய செலவு.

முதலில் செய்து பார்க்கத் தகுந்த இணைப்பு, என் கணிப்பில், காசநோய்க்கும் சர்க்கரைக்கும் இடையிலானது. இரண்டும் ஏற்கெனவே மின்னணுவில் இருக்கின்றன, இரண்டுக்கும் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் பணம் வருகிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று மருத்துவ விதியே சொல்கிறது. காசநோய்ப் பிரிவில் எடுத்த சர்க்கரை அளவு அதே வாரத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரின் செயலியில் தெரிந்து, அவர் அதைத் திறந்து பார்த்தார் என்பது பதிவானால் அதற்கு ஊக்கத்தொகை தரலாம். தேசிய நலவாழ்வு இயக்கத்தின் செயல்திட்டம் 2022-24 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை தயாரிக்கப்படுகிறது. அடுத்த வரைவுக்கான தேவைப் பட்டியல் வட்டாரங்களிலிருந்து கேட்கப்படும்போது இந்த ஒரு வரி, எந்தத் தலைப்பில் எவ்வளவு விகிதம் என்ற குறிப்போடு அதில் இருக்கவேண்டும்.